நிழலுக்குக் கட்டிய கோயில்

எங்கள் ஊரில் நிழல்தான் முதலில் வந்தது, கோயில் பிறகுதான் வந்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் வாய்தவறித் தலைகீழாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே கோயிலைச் சுற்றிப் பார்க்கப் போவார்கள், தெற்குச் சுவர்ப் பக்கம் போனதும் சிரிப்பு நின்று திரும்பி வருவார்கள். நூல் பிடித்ததுபோல் நேராக வந்த சுவர் நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெளியே புடைத்து வளைந்து, மறுபடி நேராகிப் போவது ஏன் என்று கேட்பார்கள். கொத்தனார் குடித்திருந்தாரா என்று கேட்டவர்களும் உண்டு. பாவம், அந்தக் கொத்தனார் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதவர். நிழல் அப்படி இருந்தது, அவர் அப்படிக் கட்டினார்.

தாது வருஷப் பஞ்சம் தீர்ந்து மழை திரும்பியிருந்த காலம் அது. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்ததற்காக எங்கள் முன்னோர்களுக்குப் பழைய ஊர் முதலில் கிணற்றை மறுத்தது, அப்புறம் பாதையை மறுத்தது, கடைசியில் கூரையில் தீயை வைத்தது. ஐயர் என்று சனங்கள் அழைத்த வெள்ளைக்காரப் பாதிரியார் எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஊர்களில் ஜெபம் நடத்துவதற்கென்று உபதேசியார் ஒருவர் இருப்பார். எங்கள் உபதேசியார் வேதக்கண். அம்மன் கோயில் கொடைவிழா அன்று சந்நிதியில் விழுந்து கும்பிட மாட்டேன் என்று நின்றதற்காக வாங்கிய அடியில் அவருடைய இடது காது செத்துப் போயிருந்தது. அந்தக் காதைத் துண்டால் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, சட்டி பானையும் ஆடும் கோழியும் கைப்பிள்ளைகளுமாக மற்றவர்கள் பின்னால் நடக்க, செம்மணல் மேடும் பள்ளமுமான தேரிக்குள் அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், யாருக்கும் வேண்டாத இடம் வரும்வரை போய்க்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் யாருக்கும் வேண்டாத இடத்திலிருந்துதான் யாரும் துரத்த மாட்டார்கள். அப்படி ஓர் இடம் வந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. மரம் இல்லை, புதர் இல்லை, காற்று மணலை வாரிக்கொண்டு போவதைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ஆனால் மணலில் ஒரு நிழல் கிடந்தது.

நீண்ட கூரையின் நிழல், அதன் ஒரு முனையில் கோபுரத்தின் நிழல், கோபுரத்தின் உச்சியில் சிலுவையின் நிழல். பக்கங்களில் ஜன்னல் ஜன்னலாக வெயில் சதுரங்கள். மேற்கே வாசலுக்கு விட்ட இடைவெளி. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் இருந்தது, ஒரு பருந்து இருந்தது, வேறொன்றும் இல்லை. வெயிலில் நடந்து கால் கொப்பளித்தவர்களுக்கு நிழல் எங்கிருந்து விழுகிறது என்பது ரெண்டாவது கேள்வி, அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று முதலில் பிள்ளைகளைப் படுக்கப் போட்டார்கள், பிறகு தாங்களும் படுத்தார்கள், படுத்தவர்கள் தூங்கிப் போனார்கள். அந்த ரெண்டாவது கேள்வியை எங்கள் ஊரில் இன்றுவரை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அந்த இடத்துக்கு ஆறுதல்புரம் என்று பேர் வைத்தார்கள், நிழலைக் கோயில் என்றே சொன்னார்கள். காலையில் அது மேற்கே நீண்டு கிடக்கும், சாயங்காலம் கிழக்கே நீண்டு கிடக்கும், மார்கழியில் வடக்கே ஒதுங்கும், ஆனியில் தெற்கே ஒதுங்கும்; சனங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போவார்கள். ஜெபம் நீண்டுபோனால் முன்வரிசைக்காரர்கள் வெயிலில் விடப்படுவார்கள், அவர்கள் பாட்டை நிறுத்தாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்து நிழலுக்குள் வந்துவிடுவார்கள். பிந்தி வருகிறவர்களுக்கு ஜன்னல் வெயில்தான் இடம். பிறந்த பிள்ளைகளைச் சிலுவையின் நிழலில் கிடத்தி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஒரு தடவை யாரோ ஒருவன் மேலே என்னதான் இருக்கிறது என்று கல்லை விட்டெறிந்து பார்த்தான், கல் சும்மா திரும்பி வந்து விழுந்தது, கோயில் கூரையில் கல்லெறிந்தவன் என்று அவனைச் சாகும்வரை கேலி செய்தார்கள்.

ஒரு வழக்கம் எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது. நிழலின் ஓரத்தைச் சுவர் என்று வைத்துக்கொண்டார்கள். சுவரைத் தாண்டி யாரும் உள்ளே காலெடுத்து வைப்பதில்லை. எந்த அவசரம் ஆனாலும் மேற்கே சுற்றிப் போய் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கைப்பிள்ளை நிழலுக்குள் வீறிட்டு அழும்போது பக்கத்திலேயே வெயிலில் நிற்கும் தாய், சுற்றி ஓடி வாசலில் நுழைந்துதான் பிள்ளையை எடுப்பாள். பழைய ஊர் இடையர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவதுண்டு, அவர்களும் சிரித்துக்கொண்டே வாசலால்தான் வருவார்கள். கொஞ்ச நாளில் ஆடுகளும் பழகிவிட்டன. வேதக்கண் உபதேசியார் அடிக்கடி ஒன்று சொல்வார், அதைச் சொல்லும்போது செத்த காதைத் தடவிக்கொள்வார்: "நெழல் எம்புட்டோ அம்புட்டுதான் கோயில். ஒரு வெரக்கடை கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது." பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்துக்கு முன்னால் இதைப் படித்தார்கள்.

நிழலுக்குக் கோயில் என்று பேர் வைத்தவர்கள் மேகத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. மூட்டம் போட்டால் கோயில் இல்லை. பிரசங்கத்தின் நடுவில் மேகம் வந்தால் உபதேசியார் பாதி வசனத்தில் வாயை மூடிக்கொள்வார், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அதனால் எங்கள் ஊரில் மழைக்காக ஜெபிப்பதில் சின்னப் பிள்ளைகளுக்கு இருந்த ஊக்கம் பெரியவர்களுக்கு இருந்ததில்லை. ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் கோயில் இருக்காது. அந்த மாதங்களில்தான் சண்டைகள் அதிகம் நடந்தன, அந்த மாதங்களில் செத்தவர்களை ஜெபமில்லாமல் புதைத்துவிட்டு, தை வெயிலில் நிழல் திரும்பி வந்த பிறகு ஜெபித்தார்கள். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. யோவன்னாள் கேட்கும்வரை.

யோவன்னாள் வேறு யாரும் இல்லை, வேதக்கண் உபதேசியாரின் கூடப்பிறந்த தங்கைதான். அண்ணன் காதில் கட்டியிருந்த துண்டு அவள் புடவையில் கிழித்ததுதான். அடைமழைக் காலத்தில் ஊருக்குள் அம்மை நோய் வந்தது, முதலில் அவள் புருஷனைக் கொண்டுபோனது, பிறகு அவளுடைய மகள் நேசத்தின் மேல் ஏறியது. வீட்டில் கிடந்த அந்த ஒரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யோவன்னாள் நிழல் விழுகிற இடத்துக்கு ஓடினாள். நனைந்த மணல் இருந்தது, நிழல் இல்லை. மறுநாளும் ஓடினாள், இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிள்ளைக்குக் கண் செருகியபோது, அவள் மழையிலேயே தேரியைக் கடந்து, எந்த ஊர் தங்களை அடித்துத் துரத்தியதோ அந்த ஊருக்குள் போய், எந்தச் சந்நிதியில் கும்பிட மறுத்து அண்ணன் காதை இழந்தாரோ அந்தச் சந்நிதியில் விழுந்து கும்பிட்டு, வேப்பிலையும் மஞ்சள் கயிறும் வாங்கிவந்து பிள்ளையின் கையில் கட்டினாள். நேசம் பிழைத்தாள்.

தை பிறந்து நிழல் வந்ததும் சபை கூடியது. அத்தனை பேருடைய பார்வையும் பிள்ளையின் கையில் வெளுத்துப்போய்க் கிடந்த கயிற்றில் இருந்தது.

"தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுட்டி," என்றார் உபதேசியார். "ஒரே ஒரு வார்த்த. சபை மன்னிச்சிரும்."

"எது தப்பு அண்ணே?"

"எங்க போயி விழுந்தன்னு ஒனக்கே தெரியும். என் காதப் பாத்துக்கிட்டுப் பேசு."

யோவன்னாள் அந்தக் காதைப் பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "மூட்டம் போட்டா கோயில் இல்லன்னு சொன்னது நீங்கதான அண்ணே. கோயில் இல்லாத நாளுல எம்புள்ள சாகக் கெடந்தா, நான் எங்க போக? அத மட்டும் சொல்லுங்க."

 பதில் இல்லாத மனுஷனுக்குக் கோபம் சீக்கிரம் வரும். "அப்பம் தப்பு இல்லங்கியா?"

"எம்புள்ள பொழச்சது தப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

அவளைச் சபைக்குப் புறம்பாக்கினார்கள். பிள்ளை உள்ளே வரலாம், தாய் வரக்கூடாது. உயிரோடிருக்கும்போது நிழலில் இடமில்லை, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஜெபமில்லை. தன் வாயாலேயே அந்தத் தீர்ப்பைச் சொன்ன உபதேசியார், வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு பெண்டாட்டி வைத்த சோற்றைத் தொடவில்லை என்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. தான் ஒரு காதை விலையாகக் கொடுத்துக் காத்ததைத் தன் தங்கையே ஒரு மழைநாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாளே என்று அவருக்குப் பட்டது, அது அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யோவன்னாள் வீட்டில் இருக்கவில்லை. வழக்கம்போலத் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைப் புடவை கட்டி, மகளை வாசல்வரை கூட்டிப்போய் உள்ளே அனுப்பிவிட்டு, சுற்றி வந்து தெற்குச் சுவரின் ஓரத்தில், நிழலுக்கு ஒரு சாண் வெளியே வெயிலில் உட்கார்ந்தாள். சுவரின் அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. நேசம் ஆட்களுக்கிடையில் நுழைந்து நுழைந்து அம்மாவுக்கு நேராக வந்து உட்கார்ந்தாள். உள்ளே பாடும்போது யோவன்னாள் பாடினாள், உள்ளே முழங்கால் போடும்போது சுடுமணலில் முழங்கால் போட்டாள். நிழல் நகர நகர அவளும் நகர்ந்தாள். எழுந்து போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் வெயிலில் உட்காரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த ஞாயிறு மட்டுமல்ல, அதற்கடுத்த ஞாயிறும், அந்த வருஷமும், அதற்கடுத்த வருஷங்களும் அவள் அப்படித்தான் உட்கார்ந்தாள். நிழலைக் கண்ட நாளின் பண்டிகை அசனத்துக்கு ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் இலையை நேசம் கொண்டுவந்து நிழலின் ஓரத்தில் வைப்பாள், தாய் வெளியே கை நீட்டி இழுத்துக்கொள்வாள்.

வருஷத்துக்கு ஒருமுறை, அசனம் முடிந்து, உபதேசியார் வந்து சுவருக்கு உள்ளே நிற்பார். "ஒரு வார்த்த, யோவன்னா," என்பார்.

"நான் கேட்டதுக்கும் ஒரு வார்த்த அண்ணே," என்பாள் அவள்.

இரண்டு வார்த்தைகளும் அவரவர் வாயிலேயே இருந்தன.

நேசத்தின் கல்யாணமும் அந்த நிழலில்தான் நடந்தது. தாய்மாமனாகவும் உபதேசியாராகவும் இரண்டு வேலையையும் வேதக்கண்ணே பார்த்தார். மாப்பிள்ளையோடு நடுவில் நிற்க வேண்டிய பெண், நிற்கமாட்டேன் என்று தெற்கோரமாக வந்து நின்றுகொண்டாள், மாப்பிள்ளையும் வேறு வழியில்லாமல் அங்கேயே வந்தார். அப்போது அடித்த காற்றில் நேசத்தின் முந்தானை பறந்து நிழலைத் தாண்டித் தாயின் மடியில் விழுந்தது. யோவன்னாள் அதைப் பிடித்து ஒரு நொடி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "முந்தானைய உள்ள இழுத்துச் சொருகுட்டி, செவரத் தாண்டிக் கெடக்கு," என்று மெதுவாகச் சொன்னாள். அந்தச் சுவரை எங்கள் ஊரில் அவளைப்போல மதித்தவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கு அழாத பெண்களும் இல்லை.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்திருந்தது, எப்போது நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. யோவன்னாள் உட்கார்ந்து உட்கார்ந்து, அவளுடைய நிழல் கோயிலின் நிழலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் எழுந்து வீட்டுக்குப் போனாலும் அது போகவில்லை. தெற்குச் சுவரின் நடுவில், ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருக்கிற அளவுக்கு ஒரு புடைப்பாக அங்கேயே தங்கிவிட்டது, கோயில் நகர்ந்தால் தானும் நகர்ந்தது. அவள் உச்சிவெயிலில் தண்ணீர்க்குடத்தோடு போகும்போது குடத்தின் நிழல் மட்டும் மணலில் தனியாகப் போவதைப் பார்த்த சனங்கள், சபைக்குப் புறம்பானவளுக்கு நிழல் எதற்கு, கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று பேசிக்கொண்டார்களே தவிர, எடுத்ததை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடவில்லை. அது ஞாயிறுதோறும் அவர்கள் கண்ணெதிரில் கிடந்தது. தினமும் பார்க்கிற பொருளை யார் பார்க்கிறார்கள்?

யோவன்னாளுக்கு மட்டும் அது தெரியும். நிழல் எங்கே என்று நேசம் ஒருநாள் கேட்டதற்கு, "கோயில்ல விட்டுட்டு வந்திருக்கேன், பத்திரமா இருக்கும்," என்றாளாம்.

அவள் கேட்ட கேள்வியோ உபதேசியாரின் நல்ல காதில் குடியேறிவிட்டது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மூட்டம் போட்டு நிழல் மறையும்போதெல்லாம் அது அவரைக் குடைந்தது: கோயில் இல்லாத நாளில் நான் எங்க போக? தலை நரைத்து, நடை தளர்ந்து, இனி அதிக மழை பார்க்கமாட்டோம் என்று தெரிந்த பிறகு அவர் சபையைக் கூட்டி, கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோயில் கட்டவேண்டும், மழையிலும் இருக்கிற கோயிலாகக் கட்டவேண்டும் என்றார். ஏன் இப்போது என்று கேட்டார்கள். பிள்ளைகள் சாகக் கிடக்கிறது வெயில் காலத்தில் மட்டுமா என்று திருப்பிக் கேட்டார். அவர் யாருடைய கேள்வியைக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் பேர் சொல்லவில்லை. பெண்கள் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கோயில் பானையில் போட்டார்கள், ஆண்கள் கடற்கரையிலிருந்து கல்லை வண்டியில் அடித்தார்கள், பதனீரைக் காய்ச்சி, கடுக்காயை ஊறவைத்து, சுண்ணாம்பை இடித்து இடித்து ஊரே வெள்ளை பூத்துப் போயிற்று.

கொத்தனார் சடையாண்டி வேறு ஊர், வேறு சாமி. "நெழலு எங்கருந்து வருதுங்கிறது உங்க பாடு, எனக்கு மனை எதுன்னு காட்டுங்க," என்றார். எங்கள் பக்கத்தில் சித்திரை பிறந்ததும் ஒருநாள் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும், அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்குக்கூட நிழல் இருக்காது. அந்த நாளில், அந்த உச்சியில், கோயிலின் நிழல் எந்தப் பக்கமும் சாயாமல் தன் காலடியிலேயே வந்து நின்றது. அதுதான் மனை. முளையடித்து, கயிறு கட்டி, ஓரம் பிசகாமல் சடையாண்டி மணலில் கோடு கிழித்துக்கொண்டே போனார், தெற்கே புடைப்பு வந்த இடத்தில் புடைத்துக் கிழித்தார். பக்கத்தில் சபை மூப்பர்கள் நின்றார்கள், உபதேசியார் நின்றார், யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அது எப்போதும் அப்படித்தானே இருக்கிறது. யோவன்னாள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் குளிர்காய்ச்சலில் நேசத்தின் வீட்டில் கிடந்தாள், அந்த வருஷம் முழுவதும் எழவே இல்லை.

சுவர் இடுப்பளவு எழுந்த பிறகுதான் ஒரு மூப்பர் கேட்டார்: "ஏய்யா கொத்தனாரே, இதென்ன செவருக்கு வயிறு?"

"நெழல்ல இருந்துது, வச்சேன்," என்றார் சடையாண்டி.

எல்லாரும் வந்து பார்த்தார்கள். உள்பக்கம் நின்று பார்த்தால் சுவரில் ஒரு குழிவு, ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தோள் இடிக்காமல் சரியாக இருக்கும் குழிவு. கோயிலின் எந்த ஜன்னலுக்கும் எந்தத் தூணுக்கும் அதனோடு சம்பந்தம் இல்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கு நினைவு வந்தது, பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அந்த இடத்தை யார் உட்கார்ந்து தேய்த்தார்கள் என்று தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இடிச்சிட்டு நேரா வச்சிரலாம்," என்றார் அந்த மூப்பர். "அரை நாள் வேலை."

சடையாண்டி சுத்தியலை எடுத்து நீட்டினார். "எந்தக் கல்லுலருந்து எடுக்கணும்னு நீங்களே காட்டுங்க. கூட்டவும் கூடாது கொறைக்கவும் கூடாதுன்னு சொன்னது நீங்கதான்."

உபதேசியார் சுத்தியலை வாங்கவில்லை. குழிவுக்குள் போய் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தார். கல் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு மேற்கே போய், இன்னும் கதவு வைக்காத வாசலால் வெளியேறி, நேசத்தின் வீட்டுக்கு நடந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்கு அவர் போனதில்லை.

யோவன்னாள் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"தப்புன்னு சொல்லச் சொல்லவா வந்தீய?"

"இல்லட்டி." அவர் தரையில் உட்கார்ந்தார். "ஒன் நெழல உள்ள வச்சுக் கெட்டிட்டோம். அது அங்கன கோயிலுக்குள்ள இருக்கு. நீ இங்கன கெடந்தா எப்படி?"

 யோவன்னாள் மெதுவாகக் கேட்டாள்: "என்னக் கூப்பிடுதது நீங்களா, அந்தச் செவரா?"

 சபை என்ன சொல்லும் என்று உபதேசியார் யோசித்தார், ஐயர் என்ன சொல்வார் என்று யோசித்தார், யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் எழுந்து வந்துவிட்டார்.

மறு வருஷம் ஐப்பசியில் கோயில் முடிந்தது. கூரை ஏறியது, கோபுரம் எழுந்தது, உச்சியில் சிலுவை நின்றது. பிரதிஷ்டைக்கு ஐயர் குறித்த ஞாயிற்றுக்கிழமையில் விடிகாலையிலேயே மூட்டம் போட்டு, சனங்கள் புதுத்துணி கட்டி வந்து சேரும் நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. காட்டாற்றில் வெள்ளம் வந்து ஐயரின் வண்டி அக்கரையிலேயே நின்றுவிட்டது. இங்கே ஆறுதல்புரத்துச் சனங்கள் அத்தனை பேரும் கோயில் வாசலுக்கு முன்னால் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள், உள்ளே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, கதவு விரியத் திறந்துதான் இருந்தது. ஆனால் மணலில் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால் கோயில் இல்லை என்று பிறந்ததிலிருந்து பழகிய கால்கள், கண்முன்னால் கல்லும் கூரையுமாக நிற்கிற கோயிலுக்குள் ஓர் அடி எடுத்து வைக்கத் தயங்கின. ஒரு பிள்ளை அழுதது. ஐயர் வரட்டும் என்றார் ஒருவர். வெயில் வரட்டும் என்றார் இன்னொருவர். வாசலில் நின்ற உபதேசியாருக்கே கால் எழவில்லை.

அப்போது கூட்டம் பின்னாலிருந்து விலகி வழிவிட்டது. நேசம் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, தலையில் பனையோலையைக் கவிழ்த்துக்கொண்டு, வெள்ளைப் புடவையில் யோவன்னாள் வந்தாள். பழக்கத்தில் தெற்குப் பக்கமாக ஓரெட்டு வைத்தாள், அங்கே இருந்த தன் இடத்தில் இப்போது கல் இருப்பதைப் பார்த்து நின்றாள். பிறகு திரும்பி வாசலுக்கு நேராக வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"மழையில நிக்கதுக்கா இம்புட்டுப் பாடுபட்டுக் கெட்டுனிய?"

 அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று வேதக்கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய தாடியில் மழை வடிந்தது.

"நாந்தாம்ட்டி கூப்பிடுதேன்," என்றார். "செவரு இல்ல. நான்."

சொல்லிவிட்டு அவர் ஒதுங்கினார். யோவன்னாள் குனிந்து வாசற்படியைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வெறும் கோயிலின் நடுவில் தனியாக நடந்து, தெற்குச் சுவரின் குழிவுக்குப் போய், திரும்பி உட்கார்ந்தாள். தோள் இடிக்கவில்லை. மேலே கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது, அவள் மேல் விழவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் எந்த ஜெபத்தைச் சொல்ல இடமில்லாமல் தேரியைக் கடந்தாளோ அந்த ஜெபத்தை அவள் அப்போது சொன்னாள். பிழைத்து வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்ட மகளுக்காக, பிள்ளையைக் காப்பாற்றும் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னாள். நேசம் ஓடிப்போய் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் சனங்கள் உள்ளே போனார்கள், ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், ஈரக்காலோடு.

எல்லாரும் போன பிறகும் வேதக்கண் உபதேசியார் வெளியே மழையில் நின்றார். இத்தனை வருஷம் ஒருத்தியை வெயிலில் வைத்தவன் கொஞ்ச நேரமாவது மழையில் நிற்கட்டும் என்று நின்றார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உள்ளே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. அவருடைய செத்த காது வாசல் பக்கம் இருந்தது.

யோவன்னாள் குழிவிலிருந்து எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து, படியிறங்கி மழைக்குள் போய், அண்ணனைச் சுற்றி மறுபக்கம் வந்து, கேட்கிற காதில் வாயை வைத்துச் சொன்னாள்:

"உள்ள வாங்க அண்ணே. நனையுதீய."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.